வடிவம் வேறு, எழுத்து வேறு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அண்ணாமலையார் கோயிலின் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைத் திருவண்ணாமலையில் வாழ்வோர் அனைவரும் கண்டிருப்பர். அவற்றைப் படிக்க முனையும் அறிஞர் முதலில் படி எடுப்பர். ஈரத்தாளைக் கல்லின்மேல் பதித்துத் தூரிகையால் தட்டி மை ஒற்றுவர். வெட்டிய பள்ளம் வெண்மையாகவும் கல்லின் மேற்பரப்பு கருமையாகவும் தாளில் இறங்கும். அத்தாளில் கிடைப்பது வடிவம் மட்டுமே. கல்வெட்டுகளில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகரமும் ஏகாரமும் ஒரே உருவில் நிற்கும். இவ்விடத்தில் உள்ளது எந்த எழுத்து என்று துணிவது படிப்பவரின் தமிழறிவே. அவ்வாறு படிக்கப்பெற்ற இக்கோயிற் கல்வெட்டுகளைப் பி. ஆர். சீனிவாசன் பதிப்பிக்க, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் வெளியிட்டது.

கல்லுக்கு நேர்ந்த இந்நிலை கணிப்பொறியில் ஏறிய தமிழுக்கும் நேர்ந்தது. 1990களில் கணிப்பொறியில் அச்சுக்கோக்கப்பட்ட கவிதைத் தொகுதிகள் பல இன்று பழைய நெகிழ்வட்டுகளில் கிடக்கின்றன. திறந்தால் எழுத்துத் தெரிவதில்லை. பொருளற்ற குறிகளே தெரிகின்றன. அவற்றை மீட்பது எவ்வாறு? மீட்கும்போது இழக்கக்கூடியது யாது? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் பொருள்.

புள்ளிகளால் ஆன எழுத்து

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு நூத், 1977இல் தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்புத் தாள்கள் அழகற்றிருக்கக் கண்டு மனம் நொந்தார். அழகிய அச்சுக்கோப்புக்காக 'டெக்' என்னும் நிரலையும், எழுத்துகளை வரைவதற்காக 'மெட்டாஃபாண்ட்' என்னும் நிரலையும் ஆக்கினார். மெட்டாஃபாண்டில் எழுத்தின் வளைவுகள் கணக்கு வாய்பாடுகளாக எழுதப்படும். அச்சுப்பொறியின் நுண்மைக்கு ஏற்ப நிரல் அவற்றைக் கரும்புள்ளி, வெண்புள்ளிக் கட்டங்களாக மாற்றும். இவ்வாறு பிறப்பதே புள்ளி எழுத்துருக் கோப்பு. முதலில் உருவாவது ஜி.எஃப். என்னும் வகை, அது இடத்தை மிகுதியாகக் கொள்ளும். ஆகவே 1985இல் டாமஸ் ரோகிக்கி அதனைச் சுருக்கிப் பி.கே. என்னும் வகையை வகுத்தார்.

தமிழும் இவ்வழியிற் சென்றது. சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மானிடவியல், கலைக் கணிப்பொறி மையத்தில் தாமஸ் ரிட்ஜ்வே 'வாஷிங்டன் தமிழ்' என்னும் எழுத்துருவை மெட்டாஃபாண்டில் வரைந்தளித்தார். அவினாஷ் சோப்டே உருவாக்கிய 'ஐட்ரான்ஸ்' என்னும் ஒலிபெயர்ப்பு நிரலும் தமிழுக்கு இவ்வெழுத்துருவையே பயன்படுத்தியது. ஆங்கில எழுத்தில் உள்ளிட்டதைத் தமிழாக அச்சிட்டுப் பார்த்தல் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதனால் இயன்றது.

கோப்பைத் திறத்தல்

இத்தகைய கோப்பைச் சொற்பதிப்பு நிரலில் திறந்தால் குப்பையே தெரியும். அது எழுதப்பட்ட பக்கம் அன்று, எண்களின் வரிசை. முதல் எண்ணான 247, பி.கே., ஜி.எஃப்., பக்க அமைப்பைத் தாங்கும் டி.வி.ஐ. ஆகிய மூவகைக்கும் பொது. இரண்டாம் எண்ணே வகையைக் கூறும்: 89 எனில் பி.கே.; 131 எனில் ஜி.எஃப்.; 2 எனில் டி.வி.ஐ. கோப்பின் பெயர் தொலைந்திருந்தாலும் இவ்விரு எண்களால் அதன் குலம் அறியலாம்.

உள்ளே ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் இட எண்ணும், அகலம், உயரம் முதலிய அளவுகளும் இருக்கும். பின்னர்ப் புள்ளிகள் வரும். 'ஐந்து வெள்ளை, மூன்று கருப்பு, ஏழு வெள்ளை' என்பது போல் அவை எண்ணிக்கையாகவே பதியப்பட்டிருக்கும். அடுத்தடுத்த வரிகள் ஒத்திருந்தால், 'இவ்வரி இத்தனை முறை மீளும்' என்று ஒரே குறிப்பு அமையும். பி.கே. கோப்பின் சிக்கனம் இதனால் விளைந்தது.

'பிகேடைப்' என்னும் சிறு நிரல் இவ்வுள்ளடக்கத்தைப் படிக்கத்தக்க பட்டியலாகத் தரும். 'பிகேடூஜிஎஃப்' சுருக்கியதை விரித்து ஜி.எஃப். ஆக்கும். 'ஜிஎஃப்டைப்' அதனை உடுக்குறிகளால் வரைந்து காட்டும். திரையில் நட்சத்திரக் கோலமாக ஒரு ழகரம் எழுவதைக் காண்பது இன்பமே. ஆயினும் அது ழகரம் என்று கோப்பு எங்கும் சொல்வதில்லை. 'இந்த எண்ணுக்கு இந்த ஓவியம்' என்பதற்கு மேல் அது ஒன்றும் அறியாது. பெயரிடுவது காண்பவர் கடமை. கல்வெட்டுப் படியின் முன் அறிஞர் நிற்கும் நிலையே இங்கும் வந்து வாய்க்கிறது.

வடிவத்தை மாற்றுதல்

புள்ளி எழுத்துரு ஓர் அளவுக்கென்றே பிறந்தது. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி இடும் அச்சுப்பொறியில், 10 புள்ளி அளவுள்ள எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் ஏறத்தாழ 41 கட்டங்களே. அதனைப் பெரிதாக்கினால் ளகரத்தின் வளைவு படிக்கட்டாகிவிடும். ஆகவே அதனைக் கோட்டுருவாக மாற்ற வேண்டும். 'ஃபாண்ட்ஃபோர்ஜ்' என்னும் கட்டற்ற நிரல் பி.கே., ஜி.எஃப். கோப்புகளைப் பின்னணிப் படமாக ஏற்கும். விளிம்பைத் தொடர்ந்து கோடு வரையவும் உதவும். 2001இல் பீட்டர் செலிங்கர் வெளியிட்ட 'போட்ரேஸ்' என்னும் நிரலும் விளிம்பு வரைவதில் வல்லது.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. 41 கட்டங்களிலிருந்து வரைந்த வளைவு ஊகமேயன்றி மூலம் அன்று. மெட்டாஃபாண்ட் மூலநிரல் கிடைக்குமாயின் அதனையே உயர்ந்த நுண்மையில் மீண்டும் இயக்குதல் நன்று. 1200 புள்ளி நுண்மையில் அதே எழுத்துக்கு ஏறத்தாழ 166 கட்டங்கள் கிடைக்கும். மூலச் சுவடி இருக்கப் படியின் படியைப் பார்த்து எழுதுவார் உண்டோ?

எழுத்தை மாற்றுதல்

வடிவத்தை மாற்றுவது எளிய பாதி. உரையை மாற்றுவதே அரிய பாதி. தமிழ்நாட்டு அச்சகங்களில் பரவியது டெக் அன்று. பேஜ்மேக்கர் முதலிய நிரல்களும் அவற்றுக்கான 256 இட எழுத்துருக்களுமே. அவை கோட்டுருக்கள், எனினும் எண்ணுக்கு ஓவியம் என்னும் முறை அங்கும் அதுவே. எந்த எண்ணில் எந்த வடிவம் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறிமுறைகளை ஏற்றது. 1991இலேயே தமிழுக்கு இடமளித்த யூனிகோடு முறையை 2010இல் தரமாக ஏற்றது.

பழைய முறையில் 'கெ' என்பதற்கு ஒற்றைக்கொம்பு முன்னும் ககரம் பின்னும் பதியப்பட்டன. கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. யூனிகோட்டில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரும்; நாவில் எழும் வரிசை இது. இம்மாற்றத்தைப் பொறி பிழையின்றிச் செய்யும். ஔகாரத்தில்தான் அது தடுமாறும். தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்தே ஔகாரக் குறிக்கு ளகர வடிவத்தையே இட்டுவிடும் வழக்கம் உண்டு. எனவே பழைய கோப்பில் 'மௌனம்' என்பது கொம்பு, மகரம், ளகரம் என்றே கிடக்கும். பொறி அதனை 'மெளனம்' என்று மாற்றிவிடும். 'ஔவை'யும் அவ்வாறே 'ஒளவை' ஆகிவிடும். பார்வைக்கு வேறுபாடு தோன்றாது. ஆனால் ஒன்றில் இருப்பது உயிர்க்குறி; மற்றொன்றில் இருப்பது தனி எழுத்து. மௌனம் என்று தேடுவோர்க்கு அக்கவிதை அகப்படாது. அகரவரிசையிலும் அது இடம் மாறிப்போகும்.

கொம்புக்குரிய மெய்க்குப் பின் ளகரம் வந்தால் எல்லாம் ஔகாரமே என்று விதி செய்தால் என்ன? வட்டார வழக்கில் எழுதும் பாவலர் 'வெளக்கு' என்று எழுதியிருப்பார். அது 'வௌக்கு' ஆகிவிடும். கார்த்திகைத் தீபம் ஏற்றும் ஊரின் கவிதையில் விளக்கு அவ்வாறு அவியலாமா? ஆகவே இருபுறமும் பொருந்தும் விதி இல்லை. 'மௌனம்', 'வெளக்கு' ஆகிய இரண்டையும் வேறறியத் தமிழ் அறிந்த கண் வேண்டும்.

செய்யத்தக்கவை

பத்தாண்டு நிறைவு காணும் மன்றம் தன் உறுப்பினரின் பழைய தொகுதிகளைக் காக்க விழையுமாயின், நான்கு செயல்கள் உடனடித் தேவை. உரைக்கோப்போடு அது அமைந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே படியெடுத்தல் வேண்டும். எழுத்துருவின்றி உரை ஊமையாம். மாற்றிய பின்னும் மூலக்கோப்பை அழித்தலாகாது. நாளை நல்ல கருவி வரலாம். அச்சிட்ட நூலின் ஒரு படியேனும் போற்றப்படல் வேண்டும். ஐயம் தீர்க்கும் இறுதிச் சான்று அதுவே. நான்காவது, மாற்றிய பாடத்தை அச்சுநூலோடு அடி அடியாக ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்தல். ளகரம் வரும் இடந்தோறும் நின்று நோக்குதல்.

நான்காம் பணியே பாவலர்க்கும் தமிழாசிரியர்க்கும் உரியது. கணிப்பொறி அறிஞர் கோப்பைத் திறந்து தருவர். அதில் இருப்பது இன்ன சொல் என்று துணிய அவரால் எப்போதும் இயலாது. அச்சொல்லை எழுதியவர் இருக்கும்போதே அவரைக் கேட்டுக்கொள்ளுதல் அறிவுடைமை. கல்லில் வெட்டியவரைக் கேட்க இயலாமற் போனமையால் கல்வெட்டறிஞர் பட்ட பாடு சிறிதன்று.

1896இல் சிறுவராக இவ்வூர் வந்து, 1950இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த ரமண மகரிஷி மௌனத்தால் உபதேசித்தவர் என்று உலகு போற்றுகிறது. அவ்வூரின் கவிதைகளில் 'மௌனம்' என்னும் சொல்லைத் தேடுவார்க்கு அது கிடைக்காமற் போகலாகாது. வடிவத்தைப் பொறி காக்கும். எழுத்தைக் காப்பது தமிழர் கடன்.