கழற்றுகிற மாதிரி மாட்டுவது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

"மெக்கானிக்கல் படிச்சவன், ஏதாவது உபயோகமா பேசுப்பா" என்றார் நம் சங்கச் செயலாளர். எனக்கு முன்னால் பேசியவர்கள் பாலம் கட்டியவர்கள், மின் நிலையம் நடத்துகிறவர்கள். நான் பேசப்போவது நாலே நாலு ஸ்க்ரூவைப் பற்றி. சிரிக்காதீர்கள். அந்த நாலு ஸ்க்ரூ ஒரு பையனைக் கடலில் தள்ளியது. அவற்றை முடுக்கியவன் நான்.

2015-ல் நானும் என் வகுப்பு நண்பனும் கூட்டுப் பணம் போட்டு, 16 அடி நீளத்தில் ஒரு பழைய ஃபைபர் பாய்மரப் படகு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைத் துறைமுகத்துக்குள் ஓட்டுவோம். இந்த மாதிரிப் படகு காற்றில் ஒரு பக்கம் சாயும். கூட வருபவர் எதிர் விளிம்பில் உட்கார்ந்து, கீழே உள்ள பட்டையில் காலை மாட்டிக்கொண்டு, உடம்பை வெளியே சாய்த்து நிமிர்த்த வேண்டும். பட்டையின் முனை தளத்தில் பிடித்த ஒரு எஃகு வளையத்தில் இருக்கும். பழைய வளையம் துருப்பிடித்திருந்தது. புதிதாக ஒன்று மாட்டினேன். டிரில் போட்டு, நாலு செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ முடுக்கி, சுற்றி சிலிக்கான் பூசினேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

பக்கத்தில் காவலுக்கு இருந்த பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முன்பு கட்டுமரத்தில் போனவர். "இதை அவுக்கணும்னா எப்படி தம்பி?" என்றார். "அவுக்கவே வேணாம் தாத்தா, ஆயுசுக்கும் நிக்கும்" என்றேன், பட்டதாரி மிடுக்கில். "நாங்க கரைக்கு வந்ததும் கட்டுமரத்தையே அவுத்துக் காயப் போடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

2017 மே மாதம், பிற்பகல் கடற்காற்று நன்றாக ஏறியிருந்த நேரம். நண்பனின் மகனுக்கு அப்போது 12 வயது. வெளியே சாய்ந்திருந்தான். 'படக்' என்று ஒரு சத்தம். வளையம், ஸ்க்ரூ, பட்டை எல்லாவற்றோடும் பையன் பின்பக்கமாகத் தண்ணீரில் விழுந்தான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் பிழைத்தான். படகைத் திருப்பி அவனிடம் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆனதோ, தெரியாது. அவன் சிரித்துக்கொண்டே ஏறினான். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. நண்பன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் இரண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் தளத்தைத் தட்டிப் பார்த்தேன், சந்தையில் மண்சட்டி வாங்கும்போது தட்டுகிறோமே, அப்படி. தள்ளி இருந்த இடத்தில் 'டக் டக்'. வளையம் இருந்த இடத்தைச் சுற்றி 'பொத் பொத்'. வெட்டித் திறந்தேன். இந்தத் தளம் ஒரே கெட்டிப் பலகை இல்லை. மேலும் கீழும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஃபைபர் தோல், நடுவே பால்சா என்ற இலேசான மரம். என் ஸ்க்ரூ மேல் தோலை மட்டும்தான் கவ்வியிருந்தது. பால்சாவுக்கு மரையைப் பிடித்துக்கொள்ளும் பலமே கிடையாது. ஆட ஆட சிலிக்கான் விட்டுப்போய், ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி, உள்ளே மரம் நனைந்த அவல் மாதிரி ஆகியிருந்தது.

பிறகு செய்த வேலைக்கு இரண்டு நாள் பிடித்தது. கெட்டுப்போன தளத்தை ஒட்டுப்போட்டு ஆறிய பிறகு, 6 மி.மீ. போல்ட் போக வேண்டிய இடத்தில் 12 மி.மீ. துளை போட்டேன். ஓரத்துப் பால்சாவை இன்னும் கொஞ்சம் சுரண்டி எடுத்தேன். அடியில் டேப் ஒட்டி, சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியை நிரப்பினேன். அது இறுகிய மறுநாள் அதன் நடுவிலேதான் 6 மி.மீ. துளை. இனி தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது; போல்ட்டை இறுக்கினாலும் தளம் நசுங்காது. துளையின் மேல் விளிம்பைக் கொஞ்சம் சரிவாகச் செதுக்கினேன். பியூட்டைல் டேப் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து, ஓ-ரிங் மாதிரி போல்ட்டைச் சுற்றிக்கொள்ளும். அடியில் வளையத்தைவிட அகலமான ஃபைபர் தகடு, வாஷர், நைலான் போட்ட நட். இறுக்கும்போது மேலே ஒருவர் போல்ட்டை அசையாமல் பிடிக்க, கீழே ஒருவர் நட்டை மட்டும் திருக வேண்டும். போல்ட்டைத் திருகினால் டேப் பிய்ந்துவிடும். கீழே படுத்துத் திருகியவன் என் நண்பன்.

கை நுழையாத இடமும் உண்டு. அங்கே திருகு மூடி போட்ட வட்டத் துவாரம் ஒன்று வைத்தேன். சிலர் மரை வெட்டிய அலுமினியத் தகட்டைத் தளத்துக்குள் புதைப்பார்கள். அதில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை வெறுமனே போட்டால் உப்புத் தண்ணீரில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். லானோலின் தடவித்தான் போட வேண்டும்.

"பாலியூரித்தேன் பசை போட்டா சாவகாசமா இருக்கலாமே?" என்று ஒரு தம்பி காலையில் கேட்டார். பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும். கழற்றும்போது தளத்தின் ஜெல்கோட்டையும் உரித்துக்கொண்டு வரும். சிலிக்கானோ பலமும் தராது, போன பிறகும் ஒரு படலத்தை விட்டுப்போய் அடுத்த பசையை ஒட்டவிடாது. சரி, நன்றாகப் பிடித்திருப்பதை ஏன் கழற்ற வேண்டும்? ஸ்டெயின்லெஸ் என்ற பெயரை நம்பாதீர்கள். அதன் மேல் உள்ள குரோமியம் ஆக்சைடு படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். தளத்துக்குள் காற்றுப் படாமல் உப்பு ஈரத்தில் கிடக்கும் போல்ட், தலை பளபளவென்று இருக்க, இடுப்பில் அரித்துப் போயிருக்கும். 304-ஐவிட மாலிப்டினம் கலந்த 316 தேவலை, அதுவும் தப்பாது. வெளியே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தப் பொங்கல் விடுமுறையில் அந்த நாலு போல்ட்டையும் எடுத்துப் பார்த்தோம். இருபது நிமிட வேலை. மூன்று சுத்தம். ஒன்றின் நடுவில் காப்பிக் கறை மாதிரி ஒரு வளையம். அதை மாற்றிவிட்டோம். இந்தத் தடவை படகுக்குள் படுத்து நட்டைத் திருகியது நண்பனின் மகன்.

அன்றைக்கு வெட்டியெடுத்த தளத் துண்டையும், பிடுங்கி வந்த ஸ்க்ரூக்களையும் கொண்டுவந்திருக்கிறேன். மேடைக்குப் பக்கத்து மேஜையில் இருக்கின்றன. சாப்பிடப் போகும்போது ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பாருங்கள்.