காவலரைத் தேர்தல்

வள்ளல் பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தை அறப்பணிகளுக்கென உயில் எழுதிவைத்து 1794இல் மறைந்தார். பொறுப்பேற்ற தனிமனிதர் கையில் அவ்வறம் தடைப்பட்டது. நீதிமன்றம் தலையிட்ட பின்னரே நிதி மீண்டது. 1842இல்தான் சென்னையில் அவர் பெயரால் பள்ளி எழுந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு வீணாயிற்று.

மனிதர் மூப்பர், மறைவர். நிறுவனம் தலைமுறை கடந்தும் நிற்கும். ஆதலின் சொத்தைக் காக்க வங்கி சார்ந்த அறங்காவல் நிறுவனத்தை நாடுவோர் உளர். ஆயினும் நிறுவனம் என்பதனாலேயே நம்பிவிடலாகாது. ஆண்டுக் கட்டணம், கணக்குத் தணிக்கை, தவறினால் நீக்கும் வழி ஆகிய மூன்றும் ஆவணத்தில் இடம்பெறல் வேண்டும்.

பாவில் இழை அறுந்தால் பிணைத்து நெசவைத் தொடர்வர் பரமக்குடி நெசவாளர். ஒரு காவலர் விலகின் அடுத்தவர் யார் என்பதையும் ஆவணமே கூறட்டும். ஈட்டியவர் கண்மூடிய பின்னும் அறம் அறுபடாது.