வயதும் கூலியும்



சிறுபிள்ளை செய்த வேளாண்மை வீடு வந்து சேராது என்பது நம் நாட்டுப் பழமொழி. இளையோர் பொறுப்பறியார் என்னும் இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. மேலை நாடுகள் சில இதனைச் சட்டத்திலேயே எழுதி வைத்துள்ளன. அதற்குச் சமூகவியல் அறிஞர் கூறும் காரணங்களை இன்று சிறிது ஆராய்வோம்.

பிரிட்டனில் ஒரு கடையில் இருவர் அருகருகே நின்று பெட்டிகளை அடுக்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வயது 21, மற்றவருக்கு 20. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, முன்னவருக்குரிய குறைந்த அளவுக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். பின்னவருக்கு 10 பவுண்டு. வாரம் 40 மணி நேரம் உழைத்தால் 88 பவுண்டு 40 பென்ஸ் வேறுபடும். பெட்டியின் பாரமோ இருவருக்கும் ஒன்றே. இளையவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. குறைத்துக் கொடுக்க இடமளித்தது.

இது ஏன்? அமெரிக்க அறிஞர் டால்காட் பார்சன்ஸ், இஸ்ரேலிய அறிஞர் ஐசன்ஸ்டாட் ஆகியோரின் வழிவந்தோர், இளமை என்பது இல்லத்திற்கும் உலகத்திற்கும் இடையே உள்ள பாலம் என்பர். முழுப் பொறுப்பு ஏற்கும் முன் பழகிக்கொள்ளும் காலம் அது. ஆதலின் ஊதியமும் உரிமையும் படிப்படியாகவே வரும் என்பது இவர்தம் கருத்து.

மார்க்ஸின் வழி நிற்போர் இதனை ஏற்பதில்லை. வேலை மிகும்போது அழைத்து, குறையும்போது விலக்குவதற்கேற்ற சேமப் படையாக இளையோர் பயன்படுகின்றனர். மலிவான உழைப்பால் ஆதாயம் அடைபவர் முதலாளிகளே என்பது இவர்தம் வாதம்.

மாக்ஸ் வேபரைப் பின்பற்றுவோர் வேறொன்றைச் சுட்டுவர். ஒரு குழுவினர் தம் வாய்ப்புகளைக் காத்துக்கொள்ளப் பிறருக்குக் கதவடைப்பது உலக இயல்பு. பட்டறிவு, பணிமூப்பு என்பன அக்கதவின் தாழ்ப்பாள்களாகவும் ஆகக்கூடும்.

இம்மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. கூலியை உயர்த்தினால் பட்டறிவற்ற இளையோருக்கு வேலையே கிடைக்காமற் போகலாம் என்னும் அச்சத்தையும் புறக்கணித்தல் ஆகாது. ஆயினும் வரலாறு காட்டும் செய்தி ஒன்று உண்டு. 1999-இல் இக்கூலிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது முழுக் கூலிக்குரிய வயது 22; 2010-இல் அது 21 ஆயிற்று. 2016-இல் உயர்ந்த கூலி ஒன்றை வகுத்து, அதற்கு 25 வயது என்றனர். 2021-இல் 23 என்றனர். 2024-இல் மீண்டும் 21 என்றனர். இத்தனை ஆண்டுகளில் மனிதனின் தோள்வலி ஏறி இறங்கவில்லை. கோடுதான் இடம் மாறியது. ஆகவே அக்கோடு இயற்கை இட்டதன்று, மனிதர் இட்டதே என்பது தெளிவு.

நம் நாட்டிலும் 1989 முதல் 18 வயதினர் வாக்களிக்கின்றனர். மக்களவைக்குப் போட்டியிட 25 வயது வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி.

வயது எல்லாருக்கும் ஏறுவது; இளமையில் பட்ட குறை முதுமையில் ஈடாகும் என்று சிலர் அமைதி கூறுவர். சாதியாலும் குலத்தாலும் வரும் தாழ்வு போல இது வாழ்நாள் முழுதும் தொடர்வதன்று என்பதும் மெய்யே. ஆனால், பெற்றோர் பொருளில் வாழும் இளைஞனுக்கு அக்குறை சில ஆண்டுக் காத்திருப்பு. தன் கூலியால் தன்னையும் தாயையும் காக்கும் இளைஞனுக்கோ அது அன்றாடப் பசி. வீட்டுக்காரர் வாடகை கேட்கும்போது வயது கேட்பதில்லை. ரொட்டிக் கடையிலும் இளையோருக்கென்று தனி விலை இல்லை.

வயது வரம்பே கூடாது என்பதன்று என் கருத்து. சிறுவரை ஆலைகளிலிருந்து மீட்டவையும் வயது வரம்புச் சட்டங்களே. 1833-இல் பிரிட்டன் இயற்றிய சட்டம், பெரும்பாலான நெசவாலைகளில் 9 வயதிற்குட்பட்டோரை வேலைக்கு வைத்தலாகாது என்றது. அவ்வரம்பு இளையோரைக் காத்தது. ஒரு வரம்பைக் காணும்போது, அது காக்கும் வேலியா, தடுக்கும் மதிலா என்று வினவுவோம். விடை கூறும் பொறுப்பு, வரம்பை இட்ட மூத்தோராகிய நம்முடையதே.