விழுந்தவர் யார் என்று கேட்காதீர்கள்!



2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. அம்மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக மாண்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வெயில் மதம் பார்த்துக் கொல்வதில்லை. காப்பாற்ற வேண்டிய நாம் பார்க்கலாமா?

மண்ணடி, பாரிமுனை வணிகப் பெருமக்களே! உங்கள் கடை வாசலில் மூட்டை தூக்கும் ஒருவர் தடுமாறி விழுந்து உளறினால், 'குடிகாரன்' என்று முகத்தைத் திருப்பாதீர்கள். வெயில் மூளையைத் தாக்கினாலும் மனிதன் அப்படித்தான் உளறுவான். உடனே 108-க்குச் சொல்லுங்கள். நிழலுக்குத் தூக்குங்கள். சட்டையைத் தளர்த்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவிழந்தவர் வாயில் மட்டும் தண்ணீர் புகட்டாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

இளைஞர்களே! ஃபிர்அவ்னிடமிருந்து தப்பி, பசியோடு மத்யன் வந்த மூஸா (அலை) அவர்கள், முன்பின் அறியாத இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டினார்கள். கூலி கேட்கவில்லை, நிழலில் ஒதுங்கிக்கொண்டார்கள். தாமே அகதியாக நின்ற நேரத்தில் செய்த உதவி அது!

நமக்கும் கொடி வேண்டாம், புகைப்படம் வேண்டாம். கடைக்கொரு குடம் தண்ணீரும் ஒரு துண்டும் தயாராக இருக்கட்டும். முதலில் உயிர், பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.