பனி பெய்யாத ஊரில் மாரடைப்பு

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸில் குளிர்காலம் பேருக்குத்தான் வரும். டிசம்பர் பகலில்கூட வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். இதயத்துக்குக் குளிர்தான் எதிரி என்றால், அந்த ஊர்க்காரர்கள் தப்பித்திருக்க வேண்டும். ராபர்ட் குளோனர் என்ற இதய மருத்துவரும் அவருடைய குழுவும் இறப்புப் பதிவுகளைப் புரட்டியபோது கதை வேறாக இருந்தது. 1985 முதல் 1996 வரை அந்தப் பகுதியில் இதய ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் 2,20,000 பேருக்கு மேல். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களைவிட டிசம்பரிலும் ஜனவரியிலும் சாவு மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

அதிலும் ஒரு விசித்திரம். நவம்பர் கடைசியில் ஏறத் தொடங்கும் எண்ணிக்கை புத்தாண்டை ஒட்டி உச்சத்தைத் தொடுகிறது. பிறகு குளிர் அப்படியே நிற்க, சாவு மட்டும் குறையத் தொடங்குகிறது. ஆகவே பழியைக் குளிர்மேல் மட்டும் போட முடியாது. விருந்து, உப்பு, மது, உறவினர் கூட்டத்தில் கிளம்பும் மனக்கசப்பு, "பண்டிகை கழியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம்" என்ற தள்ளிப்போடல் ஆகியவற்றையும் குளோனர் சந்தேகப் பட்டியலில் வைத்தார். நெஞ்சு வலியை 'வாயு' என்று சொல்லி சோடா குடிப்பது நம்மூர் வழக்கம். லாஸ் ஏஞ்சல்ஸிலும் அதற்கு ஈடாக ஏதாவது இருந்திருக்கும்!

குளிர் கடுமையாக இருக்கும் இடத்தில்தான் ஆபத்தும் அதிகம் என்ற நம்பிக்கையை 1997இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு இன்னும் பலமாக அசைத்தது. வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரியாக இறங்கும்போது இறப்பு எவ்வளவு கூடுகிறது என்று பல ஊர்களில் கணக்கிட்டார்கள். பனி உறையும் தெற்குப் பின்லாந்தில் கூடியது 0.27 சதவீதம். வெயிலுக்குப் பேர்போன ஏதென்ஸில் 2.15 சதவீதம். காரணத்தையும் தேடினார்கள். வெளியே 7 டிகிரி இருக்கும் நாளில் பின்லாந்தில் நூற்றுக்கு 72 பேர் தலையில் தொப்பியோடு வெளியே போகிறார்கள். ஏதென்ஸில் 13 பேர்தான். வீட்டுக்குள்ளும் பின்லாந்துக்காரர்கள்தான் கதகதப்பாக இருக்கிறார்கள். குளிரை மதிக்கிற ஊரில் குளிர் குறைவாகக் கொல்கிறது.

மார்கழி விடியலில் மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு நடைக்குக் கிளம்பும் தாத்தாவைப் பேரப்பிள்ளைகள் கேலி செய்வதுண்டு. பின்லாந்துக்காரர்கள் செய்ய மாட்டார்கள்.

குளிர் பட்டதும் உடல் தன் சூட்டைக் காப்பாற்றத் தோலில் உள்ள சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. குழாய் சுருங்கினால் ரத்த அழுத்தம் ஏறும். இதயம் அதை எதிர்த்து முட்டித் தள்ள வேண்டும். உள்ளே திரும்பிய ரத்தத்தை அதிகப்படி என்று நினைத்துச் சிறுநீரகம் நீரை வெளியேற்ற, மிஞ்சும் ரத்தம் கெட்டியாகிறது. லண்டனில் வில்லியம் கீட்டிங் என்ற உடலியல் பேராசிரியர் தன்னார்வலர்களை ஆறு மணி நேரம் லேசான குளிர்காற்றில் இருக்க வைத்துப் பார்த்தார். ரத்தத்தின் பிசுபிசுப்பு 21 சதவீதம் கூடியிருந்தது. உறைவுக்கு உதவும் தட்டணுக்களும் பெருகியிருந்தன. 1984இல் வந்த முடிவு இது. நடுக்கம் எடுக்கும் குளிர் தேவையில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஏற்கெனவே கொழுப்புப் படிந்து குறுகிய இதயத் தமனிக்கு இவ்வளவே போதும்.

இந்தியாவிலும் இதே சாயல்தான். 2001 முதல் 2013 வரையிலான இறப்புகளை வைத்து பிரபாத் ஜா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கில், கடுங்குளிரும் கடும் வெயிலும் கொண்டுபோன உயிர்களைவிட மிதமான குளிரோடு தொடர்புடைய சாவுகள் பல மடங்கு அதிகம். மிதமான குளிர் நாட்கள்தான் ஆண்டில் ஏராளம் என்பதும் ஒரு காரணம். வெயில் சாவு செய்தித்தாளில் தலைப்பாகிறது. போர்வைக்குள் இருந்து எழுந்து, வெறும் பனியனோடு வாசலுக்கு வந்தவருக்கு வரும் மாரடைப்பை யாரும் பருவத்தின் கணக்கில் எழுதுவதில்லை.

குளிர்காலத்தோடு ஃப்ளூ காய்ச்சலும் சேர்ந்து வரும். கனடாவின் ஒன்டாரியோவில் 2018இல் வெளியான ஆய்வில், சோதனையில் உறுதியான ஃப்ளூ வந்த முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. இதய நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடச் சொல்வது இதனால்தான்.

கத்திரி வெயிலில் இதயத்தின் வேலை தலைகீழாகிறது. சூட்டை வெளியேற்றத் தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இறைக்கும். கடும் வெப்பத்தில் தோலுக்கு மட்டுமே 7, 8 லிட்டர் வரை போகக்கூடும். ஆரோக்கியமான இதயம் சமாளிக்கும், பலவீனமான இதயம் திணறும். கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை காயாமல் வழிந்தோடுவதால் உடல் குளிர்வதுமில்லை, நீரும் உப்பும்தான் வீணாகின்றன. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதம் வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்ட சாவுகள் கூடுதலாகப் பதிவாயின. அதன் பிறகே, 2013இல், அந்நகரம் வெப்பத்துக்கென்று தனிச் செயல்திட்டம் வகுத்தது.

சிக்கல் மாத்திரைப் பெட்டியிலும் இருக்கிறது. இதயம் பலவீனமானவர்களுக்குக் கால் வீக்கமும் மூச்சு வாங்குவதும் குறைய, சிறுநீர் போகும் மாத்திரை கொடுப்பார்கள். தண்ணீரையும் அளந்து குடிக்கச் சொல்வார்கள். கோடையில் வேர்வையும் சேர்ந்துகொண்டால் ரத்த அழுத்தம் சரிந்து, எழுந்தவுடன் கண் இருட்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளோ வெயிலுக்கு ஏற்ப இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கின்றன. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவதும், "வெயில்தானே" என்று செம்பு செம்பாகக் குடிப்பதும் இரண்டுமே ஆபத்து.

இதற்கு மருத்துவர்கள் நம்பும் கருவி எடை பார்க்கும் மெஷின். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், தினமும் எடை பார்த்து நோட்டில் எழுதச் சொல்கிறார்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது. கோடையில் எடை இறங்கிக்கொண்டே போய்த் தலைசுற்றலும் வந்தால் நீர் வற்றுகிறது. அந்த நோட்டைக் காட்டினால், மாத்திரையின் அளவைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றுவது மருத்துவருக்குச் சில நிமிட வேலை.