மூட்டை இறங்குற இடத்துலதான் நம்ம காசும் இறங்குது!



1924 வெள்ளம் மூணாறு ரயிலை அடிச்சிட்டுப் போற வரைக்கும், டாப் ஸ்டேஷன் தேயிலை ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. அது கம்பெனிச் சரக்கு, கணக்கோட ஏறும், கணக்கோட இறங்கும். சம்சாரி காப்பியும் மிளகும் குதிரை முதுகில் வந்துச்சு. வியாபாரி வாசல்ல இறக்கினா சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, சாம்பிளுக்கு ரெண்டு கை!

ரோடு போட்ட ஊருக்கெல்லாம் ஜீப் வந்தாச்சு. ஏலக்காய்க்குக் கம்ப்யூட்டர் ஏலமே வந்தாச்சு. கழிவு மட்டும் போகலை.

சுமைதூக்குற தோழரைத் திட்டாதீங்க. அவரும் நம்மளை மாதிரி முதுகொடிஞ்சவர்தான். இறக்குக்கூலியைச் சரக்கு வாங்குறவர் கொடுக்கட்டும்.

நாம கேக்குறது: முத்திரை போட்ட தராசு, நம்ம கண்ணு முன்னால எடை, எடுத்த சாம்பிளையும் எழுதின சீட்டு. சீட்டு கைக்கு வராம யாரும் மூட்டையை விட்டு நகராதீங்க!