முட்டைக்குள் ஒரு முட்டை



வீட்டு முற்றத்துத் தேசி மரத்தை அறியாதார் இங்கில்லை. அதன் இளந்துளிரில் வண்ணத்துப்பூச்சி கடுகளவான மஞ்சள் முட்டைகளை இட்டுச் செல்லும். சிறுவயதில் அவற்றை நசுக்குவது எமக்கிட்ட வேலை. கருத்த முட்டையைக் கண்டால், ‘புழு வரப்போகிறது’ என்று அதனையே முதலில் நசுக்குவோம். அவற்றுட் சில எமது நண்பனுடையவையாய் இருந்திருக்கும் என்பதைப் பின்னரே படித்தறிந்தோம்.

நண்பன் என்றது ட்ரைக்கோகிரம்மா என்னும் குளவியை. நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அஞ்ச வேண்டாம், எம்மைக் கொட்டாது. பெண் குளவி முட்டையின் மேலேறி, உணர்கொம்பால் தட்டித் தட்டி நடக்கிறது. அது வெறும் நடையன்று, அளவெடுப்பு. முட்டை பெரிதானால் தன் முட்டைகளைக் கூடுதலாகவும், சிறிதானால் ஒன்றிரண்டாகவும் உள்ளே செலுத்துகிறது. புதிதாய் இட்ட முட்டையே அதற்கு விருப்பம். உள்ளே கரு முற்றிவிட்டால் குளவிக் குஞ்சுக்கு உணவாகாது. மூன்று நான்கு நாளில் முட்டை கருக்கும். எட்டுப் பத்து நாளில் புழுவுக்குப் பதிலாகக் குளவி வெளிவரும்.

தமிழ்நாட்டிலே கரும்பின் இடைக்கணுப் புழுவை அடக்க இதனைப் பெருக்குகிறார்கள். அதற்கு வேண்டிய முட்டையைத் தருவது, எங்கள் அரிசிப் பானையில் நூல் கட்டும் அதே அந்துதான்! உடைத்த கம்பில் அந்தை வளர்த்து, அதன் முட்டைகளைப் புறஊதாக் கதிரிற் காட்டிக் கருவைக் கொன்றுவிடுகிறார்கள். இல்லாவிடில், குளவி தொடாத முட்டைகளிலிருந்து புழு பொரித்து மற்றவற்றைத் தின்றுவிடும். கரு இறந்தாலும் உள்ளிருக்கும் ஊண் கெடுவதில்லை. குளவிக்கு அதுவே போதும். குளவி முட்டையிட்ட அட்டைகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால், வளர்ச்சி தாமதித்துச் சில நாள் காத்திருக்கும். ஏக்கருக்கு ஒருமுறைக்கு ஒரு சி.சி., அதாவது ஏறத்தாழ 20,000 முட்டை. பயிரின் நாலாம் மாதம் தொடங்கி 15 நாளுக்கொருமுறை, ஆறு முறை கட்டுகிறார்கள்.

ஆனால் கடும் பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் இக்குளவி நிலைக்காது. எங்கள் குடாநாட்டிலோ வற்றாத ஆறு ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கும் மழைநீரே கிணற்று நீர். வரம்பிலே அடிப்பது வாளியிலே வரலாம். பயிர் போனால் கடன் யார் தீர்ப்பது என்று கமக்காரர் கேட்பதும் நியாயமே. அந்தக் கேள்விக்குப் புத்தகம் மட்டும் படித்த எம்மிடம் விடை இல்லை.

இவ்வாண்டு கருத்த தேசி முட்டை மூன்றை நசுக்காமல் போத்தலில் இட்டு வைத்தோம். ஒன்றிலே புழு வந்தது. மற்ற இரண்டிலும் ஊசி குத்தினாற்போலத் துளை. போத்தலின் அடியிலே தூசி போல ஏதோ ஊர்ந்தது. எந்த இனம் என்று சொல்ல எமது பூதக்கண்ணாடி போதவில்லை.